பைலாவுக்கும் ஒரு தாய்வீடு உண்டு

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



கலியாண வீட்டிலும் பாடசாலைச் சுற்றுலா பஸ்ஸிலும் பைலா கேட்டால் கை தட்டாதவர்கள் நம்மில் யார்? அந்தத் தாளத்தின் தாய்வீடுகளில் ஒன்று நமது மாவட்டத்திலேயே இருக்கிறது. அதைப்பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

புத்தளம் நகருக்கு அண்மையிலுள்ள சிராம்பையடியில் ஆபிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்கின்றன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் படையிலிருந்து விலகியவர்களில் ஒரு பகுதியினர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள்.

அவர்களுடைய பாட்டுக்கு ‘மஞ்ச’ என்று பெயர். சிரட்டை, போத்தல், கரண்டி, றபான் இவைதான் வாத்தியங்கள். நாலைந்து வரிகள், திரும்பத் திரும்ப வரும். மெதுவாகத் தொடங்கி, வேகம் ஏறி, கடைசியில் இருந்தவர்களும் எழுந்து ஆடுவார்கள். மொழி, போர்த்துக்கேயம் கலந்த கிரியோல்.

இதனோடு உறவுடையது ‘கபிரிஞ்ஞா’ என்ற ஆட்டப் பாட்டு. பறங்கியரும் ஆபிரிக்கரும் ஆடிப் பாடிய அந்தத் தாளத்தை எடுத்து, 1940களில் பொலிஸ்காரரான வொலி பஸ்டியன் சிங்களத்தில் பாடினார். ‘பைலாவின் தந்தை’ என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. பின்னர் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழ்ப் பொப்பிசையில் அந்தத் துள்ளலைக் கொண்டுவந்தார்கள். அது தமிழ்நாடு வரை போயிற்று. தந்தையின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தாய்மாரின் பெயர் நம்மில் பலருக்குத் தெரியாது. சிராம்பையடியில் இந்தப் பாட்டைக் காத்து வந்தவர்களில் பெண்களும் உண்டு என்பதை இந்தச் சபையில் சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இன்று அவர்கள் வீட்டில் பேசுவது சிங்களம். பாட்டு வாயில் இருக்கிறது. சொற்களின் பொருள் மெல்ல நழுவிப் போகிறது. ஒரு மூதாட்டி கண்ணை மூடினால் அவரோடு சில சொற்களும் போய்விடும்.

சுருட்டை முடியுள்ள பிள்ளையைக் ‘காப்பிலி’ என்று கேலி செய்யும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது ஒரு சமூகத்தின் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருக்கிறதென்று நம் பிள்ளைகள் அறிந்தால் அந்தக் கேலி தானாக நிற்கும்.

கற்பிட்டிக் கோட்டையைக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். உடப்பில் கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாடலைப் பெருமையோடு பேசுகிறோம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் எதுவுமின்றி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு இடம் கொடுத்த மாவட்டம் இது. ஊரை இழந்தவர்கள் பாட்டையும் பேச்சையும் ஏன் இறுகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆகவே நமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இந்த நூற்றாண்டு ஆண்டில் அந்தப் பெண்களை நமது மண்டபத்துக்கு அழைப்போம். வேடிக்கை காட்ட அல்ல, கற்பிக்க. அவர்கள் சம்மதித்தால், பாட்டையும் பாடியவரின் பெயரையும் பொருளையும் நமது மாணவிகள் பதிந்து, ஒரு பிரதியை அவர்களிடமே கொடுக்கட்டும். வாகனமும் மதிய உணவும் ஒரு நாள் நேரமும் போதும். இது நமது சங்கத்தால் முடியும்.