ஒரு விளையாட்டுப் பெட்டி கற்பித்த பாடம்



வீடியோ விளையாட்டைப் பற்றி இச்சபையிற் பேச முன்வந்தமை பெரியோர் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். "பிள்ளைகளின் கண்ணையும் காலத்தையும் கெடுக்கும் பொருளைப் பற்றி என்ன பேச்சு?" என அவர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. ஆயினும், ஒரு பொருளின் வரலாற்றை அறியாது அதனைப் பழிப்பதும், அறியாது அதிலே மூழ்குவதும் ஒரே தன்மையன என்பது எமது துணிபு.

1889 ஆம் ஆண்டு யப்பானின் கியோத்தோ நகரிலே சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலகமாகத் தொடங்கியது நின்டெண்டோ நிறுவனம். அது 1983 யூலையில் 'பமிலி கொம்பியூட்டர்' என்னும் பெட்டியை வெளியிட்டது. தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடும் அப்பெட்டியை வடிவமைத்தவர் மசயுக்கி உவெமுரா. அக்காலத்தில் அமெரிக்காவில் இத்தொழில் வீழ்ந்து கிடந்தது. தரமற்ற விளையாட்டுகள் கடைகளிற் குவிந்தன, வாங்குவார் இல்லை. அற்றாரி நிறுவனம் விலைபோகாத கசெற்றுகளை நியூ மெக்சிக்கோப் பாலைநிலத்திற் புதைத்தது. 2014 இல் அவற்றுட் சிலவற்றைத் தோண்டி எடுத்தனர். வீழ்ந்த அச்சந்தையை 1985 முதல் நிமிர்த்தியது இந்த யப்பானியப் பெட்டியே. உலகெங்கும் ஏறத்தாழ 6 கோடியே 20 இலட்சம் பெட்டிகள் விற்பனையாயின.

அதன் செல்வாக்கு இன்றும் அழியவில்லை. இடது பெருவிரலால் அழுத்தும் சிலுவை வடிவப் பொத்தானைக் குன்பெய் யொக்கோய் 1982 இல் ஒரு கையடக்க விளையாட்டுக்காக ஆக்கினார். இப்பெட்டியினாற் பரவிய அப்பொத்தான் இன்றைய கைப்பிடிகளிலும் நிலைத்திருக்கின்றது. பிறர் ஆக்கும் விளையாட்டுக்குப் பெட்டிக்காரரின் அனுமதியும் கட்டணமும் வேண்டும் என்ற ஏற்பாட்டின் சாயலை இன்றைய கைத்தொலைபேசிச் செயலிக் கடைகளிலே காண்கிறோம்.

எம் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. அப்பெட்டியின் வேலை நினைவகம் 2 கிலோபைற்று மட்டுமே. சிகெரு மியமோட்டோவின் குழு 1985 இல் ஆக்கிய 'சூப்பர் மரியோ பிரதேர்ஸ்' முழுவதும் 40 கிலோபைற்றில் அடங்கிற்று. கைத்தொலைபேசியில் நாம் எடுக்கும் ஒரு படம் அதனிலும் பன்மடங்கு பெரிது! இடம் போதாமையால், மேகத்துக்கு வரைந்த உருவையே நிறம் மாற்றிப் புதராக வைத்தனர். குறைவே அறிவைக் கூராக்கிற்று.

யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிய பாடமன்று. உலகப் பிள்ளைகள் இத்தகைய பெட்டிகளோடு விளையாடிய நாட்களில், 1990 இல் போர் மீண்டும் மூண்டபின், இக்குடாநாட்டிற் பல்லாண்டு மின்சாரம் இருக்கவில்லை. எமது மூத்தோர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். ஜாம் போத்தல் விளக்கிற் படித்துப் பரீட்சைக்குச் சென்றனர். அவர்கள் வழிவந்த நாம், மின்சாரமும் இணையமும் பெற்ற பின்னரும், பிறர் ஆக்கியதை ஆடுவதோடு நின்றுவிடலாமா?

எங்கள் கிளித்தட்டை எண்ணிப் பாருங்கள். கோடுகள், கோடு தோறும் மறிப்போர், நடுக்கோட்டில் ஓடும் கிளி என ஒரு நல்ல விளையாட்டுக்கு வேண்டிய யாவும் அதில் உண்டு. அதனைத் திரைக்குக் கொண்டுவரப் பெருஞ்செல்வம் தேவையில்லை. ஒரு கணினியும் பொறுமையுள்ள நாலு வாலிபரும் போதும். திடலில் ஆடுவதை விடும்படி நாம் கூறவில்லை. ஊருக்கு ஊர் வேறுபடும் அதன் விதிகளை அறிந்தோர் மூப்படைந்து வருகின்றனர். அவ்விதிகள் அவர்களோடு மறையலாகாது என்பதே எமது கவலை.

ஆகவே, பெரியோர்களே, விதிகளைச் சொல்லித் தாருங்கள். சகோதரர்களே, அவற்றை எழுதிக்கொண்டு கணினியின் முன் அமருங்கள். அடுத்த ஆண்டு விழாவிலே எமது சங்கம் ஆக்கிய விளையாட்டொன்றை இச்சபையார் ஆடிப் பார்க்கும்படி செய்வோமாக.