கூட வந்த பிள்ளையும் நம் பிள்ளையே
(ஏலகிரியில் நடந்த நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வருமான வரியைப் பற்றிப் பேசத் தமிழாசிரியன் எதற்கு என்று சிலர் வியக்கலாம். வரிக்கணக்கு நமது துறையன்று. சொற்பொருள் ஆராய்தலே நமது துறை. இன்று நாம் எடுத்துக்கொண்டதும் ஒரு சொல்லே. 'பிள்ளை' என்னும் சொல் சட்டத்தில் யாரைக் குறிக்கும்? மறுமணம் செய்துகொண்ட ஒருத்தி தன் முன்மணத்துக் குழந்தையோடு புதுமனை புகுவாளாயின், அக்குழந்தையை அம்மனைக்குரியவன் தன் பிள்ளையென்று அரசாங்கத்தார்க்கு எழுதிக் கொடுக்கலாமா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் மாதச் சம்பளம் பெறுவோர் நம்மிற் பலர். வரிச்சலுகைக்குரிய அறிவிப்பைக் கம்பெனி அலுவலகத்திற் கொடுக்கும்போது, பள்ளிக் கட்டணச் சீட்டு கையில் இருந்தும், 'தகப்பன் பெயர் வேறாக இருக்கின்றதே' என்று கூசி அதனை மடித்துப் பையில் வைத்துக்கொள்வோர் உண்டு. அக்கூச்சம் வேண்டாததென்று காட்டுதலே நம் நோக்கம்.

1961 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2 ஆம் பிரிவிலேயே இதற்கு விடை கூறிவிட்டது. ஒருவரது 'குழந்தை' என்பது அவர் தத்தெடுத்த குழந்தையையும், அவருடைய கணவன் அல்லது மனைவிக்கு முன்மணத்திற் பிறந்த குழந்தையையும் உள்ளடக்கும் என்பது அதன் கருத்து. ஆதலின், அவ்வாறு வந்த பிள்ளைக்குக் கட்டிய பள்ளிச் சம்பளத்தை, மற்றச் சேமிப்புக்களோடு சேர்த்து 1,50,000 ரூபாய் என்னும் எல்லைக்குள், சொந்தப் பிள்ளைக்குக் காட்டுவது போலவே காட்டலாம். மருத்துவக் காப்பீட்டிலும் அப்பிள்ளையைத் தம்மைச் சார்ந்த குழந்தையாகச் சேர்த்துக் கட்டணச் சலுகை பெறலாம். பள்ளிச் சம்பளச் சலுகை ஒருவர்க்கு இரண்டு பிள்ளைகள் அளவே. ஆயினும் கணவனும் மனைவியும் தனித்தனி வரி செலுத்துவோராயின், தாம் தாம் கட்டிய தொகைக்கு ஒவ்வொருவரும் இவ்விரண்டு பிள்ளைகளைக் காட்டலாம். திருமணப் பதிவுச் சான்றும் பிள்ளையின் பிறப்புச் சான்றும் கைவசம் இருப்பின் கேட்பார்க்கு விடை எளிது.

இங்கே இரண்டு குறிப்புக்கள் கூறவேண்டும். இச்சலுகைகள் பழைய வரிமுறையைத் தேர்ந்துகொண்டார்க்கே உரியன. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பாகக் கொள்ளப்படுகின்றது. மற்றொன்று, உரிமை வரும்போது கடமையும் உடன் வரும் என்பது. இறந்த தந்தையின் பணத்தைப் பிள்ளை பெயரில் வங்கியில் இட்டிருப்பின், அதன் வட்டியைப் பெற்றோருள் வருமானம் மிக்கவரின் கணக்கிலே சேர்க்கவேண்டும் என்பது விதி. வளர்க்கும் தந்தை வருமானம் மிக்கவராயின் அவ்வட்டி அவர் கணக்கில் ஏற நேரிடலாம். கணக்கறிந்த ஆடிட்டரைக் கேட்டுச் செய்க.

மணமின்றி உடன் வாழ்வாரின் பிள்ளை என் செய்யும் எனின், நம் நாட்டில் இவ்வுறவு மணத்தாலேயே ஏற்படுவது. அமெரிக்க நாட்டிலோ மணவாத துணையின் குழந்தையும், ஆண்டு முழுதும் உடனிருந்து, தன் செலவிற் பாதிக்கு மேல் அவராலேயே பெற்று, வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்படுமாயின், அவரைச் சார்ந்தவராகக் கணக்கிடப்படலாம். அங்கு வாழும் நம்மவர் இதனை அறிந்துகொள்க.

இனி, சிலர் சொல்வார்: "புதிய முறையில் 2025-26 முதல் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரையுள்ள சம்பள வருமானத்துக்கு வரியே இல்லையே, இப்பேச்சால் ஆவதென்ன?" ஆவது உண்டு. வரிச் சட்டம் பிள்ளையென்று ஏற்றதை எல்லாச் சட்டங்களும் ஏற்கவில்லை. 1956 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், மாற்றாந்தந்தை வளர்த்த பிள்ளை அவருக்கு 'மகன்', 'மகள்' என்னும் வாரிசு ஆவதில்லை. தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவத்திற் 'குடும்பம்' என்பதற்குக் கூறும் விளக்கமும் முறைப்படி பிறந்த குழந்தை, தத்தெடுத்த குழந்தை என்றே பேசுகின்றது. இருபது ஆண்டு சோறிட்டு வளர்த்தவன் உயிலின்றி இறந்தால், அப்பிள்ளை வாயிலில் நிற்க நேரிடும். நூறு ரூபாய் வரி மிச்சத்தினும் இது பெரிதன்றோ?

ஆதலின் செய்யத்தக்கவை இரண்டு. ஒன்று, உயில் எழுதிப் பதிவு செய்தல். மற்றொன்று, முறைப்படி தத்தெடுத்தல். 1956 ஆம் ஆண்டு இந்துத் தத்துச் சட்டப்படி, பிள்ளை 15 வயது நிரம்பாததாக இருத்தல் வேண்டும். பெற்ற தந்தை உயிரோடிருப்பின், பொதுவாக அவர் இசைவும் வேண்டும். ஆண்மகன் பெண்குழந்தையைத் தத்தெடுப்பின் 21 வயது மூப்பு வேண்டும். தமக்கு மகனுள்ளவர் மகனையும், மகளுள்ளவர் மகளையும் இச்சட்டப்படி தத்தெடுக்க இயலாது. அன்னார்க்கு 2015 ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டமும், அதன்கீழ் எழுந்த 2022 ஆம் ஆண்டுத் தத்தெடுப்பு விதிகளும் வேறு வழி காட்டுகின்றன. அதில் மாவட்ட ஆட்சித் தலைவரின் ஆணை பெறவேண்டும். பேரப்பிள்ளையின் பங்கு போய்விடுமோ என்று இறந்தவனைப் பெற்றார் அஞ்சவேண்டா. தத்துக்கு முன்னரே பிள்ளைக்கு உரிமையாகிவிட்ட சொத்து அப்பிள்ளையை விட்டு நீங்காதென்று இந்துத் தத்துச் சட்டமே கூறுகின்றது.

பழங்காலச் சட்டம் இத்துணை இரக்கமுடையதாக இருந்ததில்லை. 1856 ஆம் ஆண்டு விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்தது. ஆனால் அவ்வாறு மணந்தவளின் குழந்தைக்கு வேறு காப்பாளரை நியமிக்குமாறு இறந்த கணவனின் உறவினர் நீதிமன்றத்தை வேண்டவும் இடம் கொடுத்தது. அச்சட்டம் 1983 இல் நீக்கப்பட்டது. எனினும் எண்ணம் எளிதில் நீங்குவதில்லை. ஆந்திர நாட்டில் 2006 இல் கணவனை இழந்து 2007 இல் மறுமணம் செய்த ஒரு தாயின் வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. பாட்டனும் பாட்டியும் தொடுத்த அவ்வழக்கில், ஆவணங்களிற் பெற்ற தந்தையின் பெயரைக் காட்டவேண்டும், இயலாவிடத்து இரண்டாங்கணவரை 'மாற்றாந்தந்தை' என்று எழுதவேண்டும் என உயர்நீதிமன்றம் பணித்தது. 2022 ஜூலை 28 ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பணிப்பைத் தள்ளிற்று. குழந்தையின் குடும்பப் பெயரைத் தேர்தலும் தத்துக் கொடுத்தலும் தாயின் உரிமை என்றும், அவ்வாறு எழுதச் சொல்வது குழந்தையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் எண்ணாத கொடுமை என்றும் கூறிற்று. ஒரு சொல் ஒரு பிள்ளையின் நெஞ்சை எவ்வளவு சுடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இம்மலைக்கு ஏறிவரும் பாதையின் 14 வளைவுகளுக்கும் புலவர், வள்ளல் பெயர்கள் இடப்பட்டுள்ளன. அவற்றுட் கபிலரும் உண்டு, பாரியும் உண்டு. பறம்பிற்குரிய பாரி மாண்டபின் அவன் மகளிரைக் கபிலர் அழைத்துக்கொண்டு குறுநில மன்னர்பாற் சென்றார். இருங்கோவேள் அவையிலே நின்று, பாரியின் பெயரையும் மறையாது கூறி, இவர் தம் மகளிர் என்றும் உரிமையோடு கூறினார். பெற்றவன் பெயரை மறைத்தலும் வேண்டா. வளர்ப்பவன் உரிமையை மறுத்தலும் வேண்டா என்பதை நாம் அப்புலவரிடம் கற்போமாக.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒன்று வேண்டுகின்றோம். சங்கத்துக் குடும்ப ஏட்டில் இத்தகைய பிள்ளைகளை 'உடன் வந்தவர்' என்று ஓரத்திற் குறிக்கும் வழக்கத்தை ஒழித்து, மகன், மகள் என்னும் வரிசையிலேயே எழுதுவோம். கல்வி உதவிநிதி வழங்குமிடத்தும் வேற்றுமை காட்டாதிருப்போம். அரசாங்கத்து வரிக்கணக்கே பிள்ளையென்று ஏற்றுக்கொண்ட ஒன்றை, உறவென்று சொல்லிக் கூடிய நாம் தள்ளுதல் தகுமோ?

சங்கம் வளர்க! பிள்ளைகள் அனைவரும் வாழ்க!