உடுப்பிட்டி ஊரும் நம்ம பேரும்

(எமது நலன்புரி நிதியத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்துகொண்டு யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியின் பழைய கதை நமக்கு எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கதை நம்ம லயத்து வாசலுக்கு வந்து சேரும்.

உடுப்பிட்டி வடமராட்சியில் உள்ள ஊர். வடக்கே வல்வெட்டித்துறை, கிழக்கே நெல்லியடி. பிட்டி என்றால் மேடான நிலம். இங்கே நமக்குத் திரும்பின பக்கமெல்லாம் ஓடைத் தண்ணி. அங்கே ஆறு கிடையாது. மழைத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புத் தண்ணிக்கு மேலே நன்னீராக நிற்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணறு உவர்த்துப்போகும். ஆகவே கிணறு வெட்ட முடிந்த இடத்தில்தான் குடி ஏறியது. துலா மிதித்துத் தண்ணி இறைத்தார்கள். கூரைக்கு ஓலை, சாப்பாட்டுக்கு ஒடியல் எல்லாம் பனை கொடுத்தது.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைக்குப் போனது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். வரி வாங்க வேண்டுமே! யாருக்கு எவ்வளவு காணி என்று தோம்பு எழுதினார்கள். தோம்பு என்பது அந்தக் காலத்துக் காணிப் பதிவேடு. 1707இல் ஊர் வழமைகளைத் தேசவழமை என்று தொகுத்தார்கள். அதில் சீதனம், முதுசம் பற்றி இருக்கிறது. அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது! இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

இதை யோசித்துப் பாருங்கள். காணிக்காரர் பெயர் ஏட்டில் ஏறியது. அந்தக் காணியில் கிணறு வெட்டினவர், துலா மிதித்தவர், பனை ஏறினவர் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். பிறகு உடுப்பிட்டியிலும் பள்ளிக்கூடம் எழுந்தது. அதே நூற்றாண்டில் சிவசம்புப் புலவர் அந்த ஊருக்குப் புகழ் சேர்த்தார். ஆனாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் படிப்பு வெகுகாலம் எட்டாமலே இருந்தது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். நம்ம பாட்டன் பூட்டன்மார் தமிழ்நாட்டில் இருந்து மன்னார் வழியாகக் காட்டில் நடந்து வந்தார்கள். முதலில் கோப்பி, பிறகு தேயிலை. செக்ரோலில் முழுப்பேர், அரைப்பேர் என்று தினமும் பேர் விழுந்தது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். உடுப்பிட்டிக் காணிக்காரரிடம் உறுதி இருந்தது. நம்மிடம் கொழுந்துக்கூடைதான் இருந்தது. லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்தது. மிஞ்சியவர்களின் குறை தீரச் சட்டம் வந்தது 2003இல்.

ஆகவே பெரியோர்களே, நாங்கள் கேட்பது ஒன்றுதான். பாட்டன் பாட்டி பெயர், அவர்கள் பிறந்த ஊர், முதலில் வேலை செய்த தோட்டம், எல்லாவற்றையும் படிக்கிற பிள்ளையை விட்டு ஒரு கொப்பியில் எழுத வையுங்கள். பெண்களின் பெயரையும் மறக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழோடு அதையும் பத்திரப்படுத்துங்கள். வீட்டில் வயசாளிகள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.