வாடகை வீட்டில் அடித்த ஆணி

(தலைப்பு: சமூக வலைத்தளத்தில் நமக்கு ஏற்றது கூட்டம் நிறைந்த பெரிய தளமா? நாமே நடத்தும் சிறிய களமா? – ‘சிறிய களமே’ அணியில் பேசியது)

    

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரே போடாகப் போட்டார்கள். “கூட்டம் எங்கே இருக்கோ அங்கேதான் நாமும் இருக்கணும், ஆளில்லாத இடத்துல போய் யார்கிட்ட பேசறது?” என்று கேட்டார்கள். அம்மா! சேலம் புது பஸ் ஸ்டாண்டிலே ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கூட்டம் இருக்கிறது. அதுக்காக அங்கேயே பாயை விரிச்சு, அடுப்பை மூட்டிக் குடித்தனம் நடத்த முடியுமா? (சிரிப்பு) கூட்டம் இருக்கிற இடம் வேறே. குடியிருக்கிற இடம் வேறே!

எனக்குக் கல்யாணமான புதிது. சேலத்தில் ஒரு வாடகை வீடு. காலண்டர் மாட்டுவதற்காக என் துணைவியார் சுவரிலே ஒரு ஆணி அடித்தார்கள். ரெண்டு தட்டுதான். மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். “சார், சுவர் யாருது?” “உங்களுதுங்க.” “ஆணி யாருது?” “எங்களுதுங்க.” “அப்ப ஓட்டை யாருது?” (பலத்த சிரிப்பு) நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவன். அந்தக் கேள்விக்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்த மனிதர் நல்லவர்! ஏன் தெரியுமா? கோபம் வந்ததும் மாடியிலிருந்து இறங்கி வந்தார். முகத்தைக் காட்டினார். நான் பதில் சொன்னேன், சமாதானம் ஆனார். நாங்கள் காலி பண்ணும்போது ஆணியைக்கூடக் கழற்றிக் கையிலே கொடுத்தார். இன்றைக்கு நாம் குடியிருக்கிற பெரிய பெரிய வலைத்தளங்களின் வீட்டுக்காரர் இறங்கி வருவதில்லை. மாடியே எந்த நாட்டில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது!

நடுவர் அவர்களே! வெளியே நடந்ததைச் சொல்கிறேன். 2019 அக்டோபரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டே அவர்களின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அவர் வைத்திருந்தது ஒரு பழைய புகைப்படம். 1936-ல் ஹாம்பர்க் நகரிலே ஒரு கூட்டமே கையை நீட்டி ஹிட்லருக்கு வணக்கம் வைக்கிறது. ஒரே ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அந்தப் படத்தைத்தான் வெறுப்பைப் பரப்பும் படம் என்று சொன்னார்கள்! வெறுப்புக்கு வணங்காதவனின் படம் வெறுப்புப் படமாம்! (கைதட்டல்) சட்டம் படித்த, உச்ச நீதிமன்றத்தில் வாதாடுகிற ஒருவருக்கே இந்தக் கதி என்றால், கூப்பிட்டால் குரல் கேட்காத என்னையும் உங்களையும் யார் கேட்பார்?

அந்த நவம்பரிலே இந்தியாவில் ஏராளமானோர் மாஸ்டடான் என்ற இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மாஸ்டடான் என்பது பூமியிலே அழிந்துபோன, யானையைப் போன்ற ஒரு விலங்கின் பெயர். உடனே எதிரணி நண்பர் சிரிக்கிறார்: “அழிந்துபோன யானைதானே?” ஐயா, யானை இறந்தாலும் ஆயிரம் பொன்! (சிரிப்பு)

அது என்ன இடம்? 2016-ல் ஜெர்மனியிலே ஆய்கன் ரோச்கோ என்ற இளைஞர் தொடங்கியது. அதற்கு ஒரு முதலாளி, ஒரு கட்டடம் என்று கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு கணினியிலே அந்த மென்பொருளை ஏற்றித் தங்களுக்கென்று ஒரு களம் நடத்தலாம். களங்கள் ஆயிரக்கணக்கிலே இருக்கின்றன. ஆனால் ஒரு களத்தில் இருப்பவர் இன்னொரு களத்தில் இருப்பவரோடு தாராளமாகப் பேசலாம்.

புரியவில்லையா? நம்ம ஊர்க் கதையாகவே சொல்கிறேன். 1997 ஜனவரி முதல் தேதி, சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. தனிக் கலெக்டர், தனி அலுவலகம், தனி நிர்வாகம். அதனாலே சேலத்துக்காரனும் நாமக்கல்காரனும் பேசுவதை நிறுத்திவிட்டார்களா? பெண் கொடுத்துப் பெண் எடுப்பதை நிறுத்தினார்களா? ராசிபுரம் வழியாகப் பஸ் ஓடவில்லையா? நிர்வாகம் தனி, உறவு பொது! (கைதட்டல்) அதுதான் ஐயா, பரவலாக்கப்பட்ட வலைத்தளம். நடுவிலே பஸ் போகிற ரோடு மாதிரி ஒரு பொது விதி இருக்கிறது. ஆக்டிவிட்டிபப் என்று பேர். 2018 ஜனவரியிலே உலக இணையத் தர அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது.

பொல்லாதவனும் தனிக் களம் போடுவானே என்று கேட்பீர்கள். போட்டார்கள்! வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன ‘கேப்’ என்ற அமெரிக்கத் தளம் 2019 ஜூலையில் இதே மென்பொருளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது. என்ன ஆயிற்று? மற்ற களங்களில் பெரும்பாலானவை அதனோடு தொடர்பை வெட்டிக்கொண்டன. வீடு கட்டுகிற உரிமை அவனுக்கு உண்டு. அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்காமல் இருக்கிற உரிமை நமக்கும் உண்டு!

சரி, எதிரணி வைத்த பலமான வாதத்துக்கு வருகிறேன். “போனவங்க பாதிப் பேர் திரும்பி வந்துட்டாங்களே?” உண்மை. மறைக்கவில்லை. 2019-ல் போனவர்களில் பலர் திரும்பினார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அடுத்த மாதத்திலேயே மாஸ்டடானில் மாதந்தோறும் புழங்குகிறவர்கள் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக ஏறினார்கள். பிறகு அந்த எண்ணிக்கையும் இறங்கியது. ஏன்? தனியாகப் போனவன் தனியாகத்தான் நிற்பான். வண்டி கட்டி ஊரோடு போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டான்.

ஊரோடு வெளியே வருவது நமக்கென்ன புதிதா? இந்த மாவட்டத்துக்காரர்களுக்கா? ஒரு காலத்தில் முட்டைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. 1982-ல் கோழிப்பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடித் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தார்கள். இன்றைக்கு “நாமக்கல் முட்டை விலை” என்று செய்தியிலே சொல்கிறார்களே, அது அங்கே பிறந்தது. (கைதட்டல்) அதற்கு முந்தின வருஷம், 1981-ல், சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இடைத்தரகர் பிடியிலிருந்து விடுபட சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்தார்கள். குச்சிக் கிழங்குக்குத் தெரிந்த நியாயம், நம்முடைய பேச்சுக்குத் தெரிய வேண்டாமா?

இப்போது என் சொந்தக் கதைக்கு வருகிறேன். சிரிக்க வைப்பதற்காக அல்ல.

ராசிபுரம் பக்கத்துக் கிராமங்களிலே வழக்கொழிந்து போகிற சொற்களைத் திரட்டுவதற்கு ஒரு பெரிய தளத்திலே ஒரு குழு வைத்திருந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். ஆறு வருஷம். நாலாயிரம் பேர். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த பெரியவர் ஒருவர், சால், வடம், வால்கயிறு என்று ஒவ்வொன்றாக விளக்கிப் பேசுவார். நான் பதிவு செய்து போடுவேன். மலேசியாவிலிருந்து ஒருவர் எழுதினார்: “எங்க அப்பத்தா சொன்ன வார்த்தைங்க இது.” படிக்கும்போது கண் கலங்கும்.

ஒரு நாள் காலையிலே கணக்கு திறக்கவில்லை. ‘விதியை மீறிவிட்டீர்கள்’ என்றது. எந்த விதி? பதில் இல்லை. முறையீடு போட்டேன், இயந்திரம் பதில் போட்டது. மறுபடி போட்டேன், அதே பதில். ஆறு வருஷச் சேகரிப்பு போய்விட்டது. தப்பு என் பேரிலும் இருக்கிறது. பிரதி எடுத்து வைக்கவில்லை. பெரிய நிறுவனம்தானே, எங்கே போய்விடும் என்று நினைத்தேன். ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல் 2-ல் மூடப்பட்டது. அதையெல்லாம் பார்த்தும் புத்தி வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பெண் வீட்டுக்கு வந்தது. அந்தப் பெரியவருடைய பேத்தி. பெரியவர் அதற்கு முந்தின வருஷமே காலமாகிவிட்டார். “அய்யா, தாத்தா பேசினது உங்ககிட்ட இருக்குங்களா? ஒருக்கா கேட்கணும்” என்றது. மேடையிலே மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. “இல்லைம்மா” என்ற ஒரு சொல்தான் வந்தது.

சுவர் அவர்களுடையது என்றால் சரி. ஆணி எங்களுடையது இல்லையா? அந்தப் பெரியவரின் குரல் யாருடையது, நடுவர் அவர்களே? (நீண்ட கைதட்டல்)

அதன் பிறகுதான் சின்னக் களம் ஒன்று ஆரம்பித்தோம். திருச்செங்கோட்டிலே இருக்கிற என் பழைய மாணவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். ஆளுக்கு மாதம் முப்பது ரூபாய். நாலாயிரம் பேர் எங்கே? இப்போது அறுபது பேர்! வாசலை நாமே கூட்ட வேண்டும், சண்டை வந்தால் நாமே விலக்க வேண்டும். சொந்த வீடு என்றால் சொந்த விளக்குமாறு! (சிரிப்பு) அந்தக் கஷ்டத்தை நான் மறைக்கவில்லை.

ஆனால் பாருங்கள், 2011 ஜனவரியிலிருந்து செல்போன் கம்பெனி பிடிக்கவில்லை என்றால் நம்பரோடு வேறு கம்பெனிக்குப் போகலாம் என்று நாடு முழுக்கச் சட்டப்படி வசதி வந்தது. நம்பருக்குக் கிடைத்த அந்த மரியாதை மனிதனுடைய பேச்சுக்குக் கிடைக்க வேண்டாமா? மாஸ்டடானிலே ஒரு களம் பிடிக்கவில்லை என்றால், நம்மைப் பின்தொடர்கிறவர்களோடு இன்னொரு களத்துக்குப் போய்விடலாம். பழைய பதிவுகள் தாமாகக் கூட வராது. அவற்றைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நானும் இப்போது எடுக்கிறேன்.

நடுவர் மணியின்மேல் கை வைத்துவிட்டார். முடிக்கிறேன். போன தை மாதம் அந்தப் பேத்தி மறுபடி வந்தது, தன் பாட்டியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு. பாட்டி நாற்று நடவைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். அந்தக் குரல் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: எங்கள் களத்தில் ஒன்று, என் வீட்டில் ஒன்று, அந்தப் பெண்ணின் கையில் ஒன்று.

கூட்டம் பார்க்கப் பெரிய தளத்துக்குப் போங்கள். திருவிழாவுக்குப் போகிற மாதிரி போய்விட்டு வாருங்கள். ஆனால் பெட்டி படுக்கையை வைக்கிற இடம், புறப்படும்போது எடுத்துக்கொண்டு போகவிடுகிற இடமாக இருக்கட்டும். ஆகவே, நமக்கு ஏற்றது நாமே நடத்தும் சிறிய களமே என்று நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.