சுமை வண்டிக்கு எந்த ப்ளக்?



வாழைத்தாரும் ஆத்தூர் வெற்றிலையும் ஏற்றிப்போக நம்மில் சிலர் சிறு சுமை வண்டி வைத்திருக்கிறோம். டீசல் வண்டிக்கு ஸ்பார்க் ப்ளக் கிடையாது. இது பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு.

ப்ளக் கேட்டால் கடையில், "அந்த நம்பர் இல்ல அண்ணாச்சி, வேற கம்பெனியில பக்கத்து நம்பர் இருக்கு" என்பார்கள். அங்கேதான் மோசம் போகிறோம். அந்த எண்ணில் ஒன்று ப்ளக்கின் சூட்டு அளவைக் குறிப்பது. என்.ஜி.கே. ப்ளக்கில் அது கூடினால் முனை குளிர்ச்சியாக நிற்கும். பாஷ் ப்ளக்கில் கூடினால் சூடாக நிற்கும். நேர் எதிர்! சூடு மிஞ்சிய ப்ளக்கோடு பாரம் இழுத்தால் பிஸ்டனே ஓட்டையாகிவிடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணையே கேட்டு வாங்குங்கள்.

கழற்றிய ப்ளக்கையும் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி படிந்திருந்தால் முதலில் காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்யுங்கள். வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் எஞ்சின் சூடேறுகிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். நம் உப்பளக் காற்றில் மேல்முனை பூத்துப்போகும். அவ்வப்போது உலர்ந்த துணியால் துடைப்பது நல்லது.

இழுவை கூட்டுகிறேன் என்று எஞ்சினில் கைவைக்க வேண்டாம். கேஸுக்கு மாற்றுவதானால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதியாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணத்துக்கே தகராறு வரும்.