போரைப் பற்றிப் பேச நகரமன்றத்துக்கு உரிமை உண்டு



"சாக்கடையை அள்ளு, தெருவிளக்கைப் போடு, குப்பையை எடு. போரைப் பற்றிப் பேச நீ யார்?" அயல்நாட்டுப் போரை எதிர்த்து ஒரு நகரமன்றம் வாய் திறந்தால் உடனே இந்தக் கேள்வி வந்து விழும். 2003-ல் அமெரிக்க நகரங்கள் இதற்குச் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

2002 அக்டோபரில், ஈராக் மீது படை ஏவும் அதிகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் புஷ்ஷின் கையில் கொடுத்தது. கீழவையில் ஆதரவு 296, எதிர்ப்பு 133. மேலவையில் 77-க்கு 23. தலைநகரில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்த நேரத்தில்தான் நகரங்கள் பேச ஆரம்பித்தன.

2003 ஜனவரி 16. சிகாகோ நகரமன்றம். ஐம்பது வார்டுகள், ஐம்பது உறுப்பினர்கள். ஜோ மூர் என்ற உறுப்பினர் முன்னின்று கொண்டுவந்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. ஈராக்கால் உடனடி ஆபத்து என்று மெய்ப்பிக்காத வரை, முந்திக்கொண்டு தாக்கக் கூடாது என்கிறது தீர்மானம். ஆதரவு 46. எதிர்ப்பு ஒன்றே ஒன்று!

அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலஸ். அதற்கடுத்த மாதம், மார்ச் 12-ல், நியூயார்க். நண்பர்களே, நியூயார்க்கை மட்டும் சற்று நின்று பாருங்கள். இரட்டைக் கோபுரங்கள் இடிந்த இடத்துக்கும் அந்த நகரமன்றத்துக்கும் நடந்து போகும் தூரம்தான். இழவு விழுந்து ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. பழிக்குப் பழி என்ற குரல் ஓங்கியிருந்த நேரம். கடுமையான விவாதம். முடிவில், மற்ற வழிகளையெல்லாம் பார்க்காமல் போருக்குப் போகாதே என்று 31-க்கு 17 என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. நெஞ்சில் அடி வாங்கிய ஊர், இன்னொரு ஊரின் மேல் குண்டு விழக் கூடாது என்றது. இதைவிடப் பெரிய அறம் எது?

இது நகரமன்றத்தின் வேலையா? ஆம், அதன் வேலைதான். ரிசர்வ் படைக்கு அழைப்பு வந்தால் கிளம்புகிறவர்களில் அந்த ஊர்ப் போலீஸ்காரரும் தீயணைப்பு வீரரும் இருக்கிறார்கள். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வர வேண்டிய பணம் பீரங்கிக்குப் போகிறது. காலிழந்து திரும்பும் பையன் எந்த அமைச்சர் வீட்டுக்கும் போவதில்லை, தன் வார்டுக்குத்தான் வருகிறான். போருக்கான கையெழுத்து தலைநகரில் விழுகிறது. சாவு ஊர்வலம் நம் தெருவில் நடக்கிறது. தெரு நம்முடையது என்றால் கேள்வியும் நம்முடையதுதான்!

தீர்மானம் போட்டார்களே, போர் நின்றதா? நிற்கவில்லை. மார்ச் 20-ல் பாக்தாத் மீது குண்டு விழுந்தது. இருக்கிறது, இருக்கிறது என்று சொன்ன பேரழிவு ஆயுதக் கிடங்குகள் கடைசி வரை அகப்படவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட ஈராக்கியப் பொதுமக்கள் மாண்டார்கள். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்.

அப்படியானால் அந்தத் தீர்மானங்கள் வீணா? வியட்நாம் போர்க் காலத்து டியர்பார்ன் நகரைப் பாருங்கள். மிச்சிகன் மாநிலத்து ஊர். படைகள் திரும்ப வேண்டுமா என்று 1966-ல் அந்த ஊர் மக்களிடமே வாக்குச் சீட்டில் கேட்டார்கள். வேண்டும் என்றவர்கள் பத்தில் நாலு பேர், தோற்றார்கள். சோர்ந்துவிடவில்லை. 1968-ல் மறுபடி கேட்டார்கள். இந்த முறை பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டும் என்றார்கள். இரண்டே ஆண்டில் ஓர் ஊரின் மனம் மாறியது, கேட்க ஆள் இருந்ததால்.

நகரமன்றத்தால் பீரங்கியைத் தடுக்க முடியாது. ஆனால் "நாடே என் பின்னால் நிற்கிறது" என்று எந்த ஆட்சியாளரும் மார்தட்ட முடியாமல் செய்ய முடியும். யார் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்பது மன்றத்தின் ஏட்டில் பெயரோடு இருக்கும். அடுத்த தேர்தலில் அந்த ஏட்டை நீட்டிக் கேட்கும் உரிமை வாக்காளனுக்கு உண்டு.

ஆகவே பெரியோர்களே, நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் குடிநீரைக் கேளுங்கள், சாலையைக் கேளுங்கள். கூடவே, அநியாயமான போர் ஒன்று வந்தால் மன்றத்தில் எழுந்து பேசுவாயா என்றும் கேளுங்கள். குண்டு விழுவதற்கு முன்னால் பேசுகிறவனே மக்கள் பிரதிநிதி!