உரியவருக்கு உரிய நாளில்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வணிகத்தில் காசோலை வழக்கம் குறைந்து மின்னணு வழியில் பணம் செலுத்தும் முறை வளர்ந்துள்ளதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நான் பண்டிதன் அல்லேன். திருநெல்வேலியில் ஒரு மொத்த வணிக நிலையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்கு எழுதியவன். ஏட்டில் கற்றதைவிடப் பேரேட்டில் கற்றதே என்னிடம் அதிகம். அதிலிருந்து சிலவற்றைக் கூறுகிறேன்.

வந்தவாசி, திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த உங்களில் பலர் தாமிரபரணிக் கரையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பொதிகையில் பிறந்து பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கும் அந்த ஆற்றை ஒட்டிய ஊர்கள் ஒவ்வொன்றும் ஒரு தொழிலால் பெயர் பெற்றவை. கல்லிடைக்குறிச்சி என்றால் அப்பளம். வீரவநல்லூர் என்றால் கைத்தறி. காருக்குறிச்சி என்றால் மட்பாண்டம். பத்தமடை என்றால் கோரைப்பாய். செய்பவர்கள் பெரும்பாலும் வீட்டளவில் தொழில் நடத்தும் சிறியவர்கள். வாங்குபவர்களோ நகரத்து வணிகர்கள். சரக்கு முன்னே போகும். பணம் பின்னே வரும். அந்தப் பணம் அன்று தபாலில் காசோலையாக வந்தது.

வெளியூர்க் காசோலையின் பயணத்தை இன்றைய இளைஞர்கள் அறியமாட்டார்கள். திருநெல்வேலி வங்கியின் மீது எழுதிய காசோலை தபாலில் கல்லிடைக்குறிச்சிக்குப் போகும். பெற்றவர் அதைத் தம் ஊர் வங்கியில் செலுத்துவார். அந்த வங்கி அதைத் தபாலிலேயே திருநெல்வேலிக்கு வசூலுக்கு அனுப்பும். பணம் உண்டு என்ற செய்தி மீண்டும் தபாலில் திரும்பும். அதன் பின்னரே, வசூல் கட்டணம் போக மீதி அவர் கணக்கில் ஏறும். பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவைப் பணம் கடக்கப் பத்து நாட்களுக்கு மேல் ஆகும்.

இந்தத் தாமதம் எல்லோருக்கும் நட்டம் என்று எண்ண வேண்டா. கொடுக்க வேண்டியவருக்கு அது இலாபம். காசோலை பணமாகும் வரை தொகை அவர் கணக்கிலேயே இருக்கும். ஓவர் டிராஃப்ட் வைத்திருப்பவருக்கு அத்தனை நாள் வட்டி மிச்சம். ஆகையால் தபால் தரும் தாமதத்தோடு தாமாகவும் சில நாட்களைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் வணிகத்தில் வேரூன்றியது. நானும் அதைச் செய்தேன். சனிக்கிழமை தபால் கட்டுப் போன பிறகே உறைகளைப் பெட்டியில் இடுவேன். அவை திங்கட்கிழமைதான் புறப்படும். கேட்டவர்களுக்கு, "காசோலை தபாலில் வந்துகொண்டிருக்கிறது" என்று விடை சொல்வேன். காசோலை என் மேசை இழுப்பறையில் இருக்கும்.

ஒருநாள் அப்பளம் செய்து தரும் பெரியவர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். உளுந்து வாங்கப் பணமில்லாமல் வட்டிக்குக் கடன் எடுத்திருந்தார். அவர் கோபப்படவில்லை. "ஐயா, எங்கள் ஊருக்குத் தபால் எத்தனை நாளில் வரும்?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்தான அவருடைய காசோலை என் முழங்காலுக்கு நேரே, இழுப்பறைக்குள் இருந்தது. "நாளைக்கு வந்துவிடும், ஐயா" என்றேன். அவர் நம்பிக்கையோடு கைகூப்பிவிட்டுப் போனார். அந்த வாரம் நான் எழுதிய கணக்கில் ஒரு பைசா பிழையில்லை. ஆயினும் அந்தக் கைகூப்பலை நான் இன்றுவரை எந்தப் பற்றிலும் வரவிலும் எழுதித் தீர்க்க முடியவில்லை.

தாமிரபரணி உழவர்கள் இதை எளிதில் புரிந்துகொள்வார்கள். அந்த ஆற்றில் அணைக்கட்டுகள் வரிசையாக உள்ளன. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. மேல்மடைக்காரர் நான்கு நாள் நீரை அடைத்து வைத்தால் அவருக்கு அது வெறும் நான்கு நாள். கடைமடைக்காரருக்கோ அது பிசானப் பயிரின் உயிர். பணமும் அவ்வாறே. பெரிய வணிகரின் பத்து நாள், சிறிய தொழிலாளரின் ஒரு மாத வட்டி. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழக அரசு 2003-இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. வட்டிக்காரரைக் குறை கூறும் நாம், ஒருவரை அவர் வாசலுக்கு அனுப்பிய கை எது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமே இன்றும் காசோலையை ஆள்கிறது. பணமின்றித் திரும்பும் காசோலை குற்றம் என்ற 138-ஆம் பிரிவு 1989-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டம் திரும்பிய காசோலையைத் தண்டித்தது. தாமதமாக வந்த காசோலையை ஒன்றும் செய்யவில்லை.

தாமதத்தை ஒழித்தது தொழில்நுட்பம். 2004-இல் ஆர்டிஜிஎஸ், 2005-இல் நெஃப்ட், 2010-இல் ஐஎம்பிஎஸ், 2016-இல் யுபிஐ என வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 2019 டிசம்பர் முதல் நெஃப்ட், ஞாயிறும் இரவும் உட்பட எந்நேரமும் இயங்குகிறது. காசோலையும் மாறிவிட்டது. இப்போது தாள் பயணம் செய்வதில்லை; அதன் படம் மட்டும் வங்கிக்கு வங்கி செல்கிறது. 2025 அக்டோபர் முதல் அந்தப் படங்களும் இடைவிடாது அனுப்பப்படுகின்றன.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். முன்பு தாமதத்துக்குத் தபால்காரர், வங்கி, விடுமுறை, மழை என்று பல காரணங்கள் இருந்தன. இன்று அவை ஒன்றும் இல்லை. இன்று ஒருவருக்குப் பணம் போய்ச் சேரவில்லை என்றால், பெரும்பாலும் நாம் அனுப்பவில்லை என்பதே பொருள். புதிய முறை நம் கையிலிருந்து சாக்கை எடுத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் விட்டுச் சென்றிருக்கிறது.

கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு உரிய அதிசாரங்களுள், கொள்ளும்போது மிகுத்தும் கொடுக்கும்போது குறைத்தும் அளத்தல் ஒன்று என்பதை நீங்கள் அறிவீர்கள். படியில் குறைப்பது குற்றம் என்றால், நாளில் நீட்டுவது மட்டும் எப்படிக் குற்றமாகாமல் போகும்? நான் அன்று குறைத்தது பணத்தை அன்று. அந்தப் பெரியவரின் நாட்களை.

நாட்டுச் சட்டமும் இப்போது இவ்வழியில் வந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, குறு, சிறு தொழில் நிறுவனத்துக்குரிய தொகையை ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும். தவறினால் கூட்டு வட்டி உண்டு. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதி, காலங்கடந்து கொடுத்த தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்டலாம் என்கிறது. பொருள் செய்து விற்கும் நம் குடும்பத்தார் உத்யம் பதிவு செய்துகொண்டால் இப்பாதுகாப்பைக் கேட்டுப் பெற இயலும். பொருள் வாங்குவோர் அவர் கேட்கும் முன்பே கொடுத்துவிட இயலும்.

எச்சரிக்கையும் தேவை. மின்னணு முறையில் கணக்கு எண்ணே வழிகாட்டி. ஓர் இலக்கம் பிழைத்தால் பணம் வேறொருவரிடம் போகும். பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் முறைகளில் வங்கிகள் தர வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்துள்ளது, அதைப் பயன்படுத்துங்கள். யுபிஐ வழியில் பணம் பெறுவதற்கு இரகசிய எண் இட வேண்டியதே இல்லை; கேட்பவர் ஏமாற்றுபவர். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். கைப்பேசி பழகாத முதியவரிடம் காசோலை இருந்தால் அதை இகழ வேண்டா. அவருக்கு அதுவே நேரிய வழி.

நிறைவாக ஒன்று. கோவில்பட்டிக்கு அருகிலுள்ள கழுகுமலையை நீங்கள் அறிவீர்கள். பாறையில் வரிசையாகச் செதுக்கிய திருமேனிகளின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. குரத்தியார் என்னும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அங்கே உண்டு. கொடுத்தவர் யார், எதற்காகக் கொடுத்தார் என்பது ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் தெளிவாக நிற்கிறது. நாமும் பணம் அனுப்பும்போது, குறிப்புக்குரிய இடத்தில் எந்தப் பட்டியலுக்கான தொகை என்று ஒரு வரி எழுதுவோம். பெறுபவர் தேடி அலையாமல் கணக்கை முடிப்பார்.

அப்பளக்காரப் பெரியவர் இன்று இல்லை. அவர் மகன் அத்தொழிலைச் செய்கிறார். எங்கள் நிலையத்தில் நான் பணியாற்றிய கடைசி ஆண்டுகளில், சரக்கு இறங்கிச் சரிபார்த்த அன்றே அவருக்குத் தொகையை அனுப்பிவிடும் வழக்கத்தை முதலாளியிடம் வேண்டிப் பெற்றேன். பழைய கடன் அதனால் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், "தபாலில் வருகிறது" என்று யாருக்கும் அதன் பிறகு சொல்ல நேரவில்லை.

இன்று வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் கணக்கேட்டைத் திறந்து பாருங்கள். கொடுக்க வேண்டிய சிறிய தொகை எவருக்கேனும் நின்றிருந்தால், உறங்குமுன் அதை அனுப்பிவிடுங்கள்.